மூன்று கோடு ஆவி

பாய்லர்காரர் குளிக்கிறார் என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. தெருவில் போகிற கண்ணாடிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அவர் குளிக்கிறார் என்று அர்த்தம். எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணி மறுபடி ஈரமாகும். பாத்ரூம் சுவரில் குடியிருந்த பல்லி ஒன்று வெந்தே போய்விட்டதாக அவருடைய மகன் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

முப்பத்தொரு வருஷம் ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டன. காலையில் ஏழு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று என்று அரைமணி அரைமணி நேரம் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டால்தான் கால் மடங்கும். ஒரு வேளை தவறினால் நாற்காலியில் உட்கார்ந்தவர் நாற்காலியோடுதான் எழுந்திருப்பார்.

ஆனால் இது அவருடைய மருமகளின் சங்கதி.

மருமகள் பிஸ்கட் தொழிற்சாலையில் எட்டு வருஷம் பாக்கெட் போட்டவள். பெல்ட்டில் வருகிற பிஸ்கட்டை நின்றுகொண்டேதான் அள்ள வேண்டும். எட்டு வருஷத்தில் அவள் அள்ளிய பிஸ்கட்டை நீளவாக்கில் அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அந்தக் கணக்கைக் காலில் பார்க்கலாம். கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முறுக்கிக்கொண்டு, வரைபடத்தில் ஆறு ஓடுகிற மாதிரி ஓடியது. பத்து நாள் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்டாள். பிறகு பதினைந்து நாள் லீவு போட்டாள். சூப்பர்வைசரம்மா லீவுக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டாள்: "திங்கக்கிழமை மொத சங்குக்கு நீ பெல்ட் முன்னாடி நிக்கணும். இல்லேன்னா அந்த எடத்துல வேற ஆள் நிக்கும்."

நான்கு கடை வைத்திருந்த பேக்கரிக்காரர் ஐந்தாவது கடை திறக்கப்போகிறார். அறுபது ஏப்ரன் கேட்டார். நெஞ்சுப் பக்கத்தில் ஒரு ரொட்டி, ரொட்டிக்கு மேலே மூன்று கோடாக எழும்புகிற ஆவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையில் இருக்க வேண்டும். நன்றாக வந்தால் ஐந்து கடை வேலையும் மாதாமாதம் அவளுக்கே. வராவிட்டால் திங்கட்கிழமை, சங்கு, பெல்ட், நரம்பு. அவ்வளவுதான் விஷயம்.

அவளுடைய வீட்டுக்காரர் தையற்காரர். அறுபது ஏப்ரனையும் அவரே வெட்டி, அவரே தைத்து, முன்னறையில் அடுக்கி வைத்துவிட்டார். அடுக்கு வளர்ந்து வளர்ந்து, அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் கடிதம் போட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மருமகள் பின்பக்கத்துத் தொட்டியடியில் குந்தி ஐந்தாவது தடவையாக ஸ்கிரீனைக் கழுவினாள்.

வேலை கேட்பதற்குச் சுலபம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் எமல்ஷன் என்கிற பசையைப் பூச வேண்டும். இருட்டில் காயவைக்க வேண்டும். படம் போட்ட ஃபிலிமை மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் இறுகிவிடும். படத்தின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து வலை திறக்கும். அந்தத் திறப்பு வழியாக மை இறங்கும். பயிற்சி வகுப்பில் அவள் செய்த ரோஜாப்பூவுக்கு ஆசிரியர் கைதட்டினார்.

இங்கே தண்ணீரை ஊற்றியதும் ரொட்டியின் ஓரம் வெயிலில் வெந்த முதுகுத்தோல் போல உரிந்து வந்தது. மூன்று கோடும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். மீதியும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

தையற்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"மொட்டைத் தலையில தீப்பிடிச்ச மாதிரி இருக்கு."

"போங்க அந்தப் பக்கம்."

"நேத்து ஆமை மாதிரி இருந்துச்சு. நேத்தைக்கு இது தேவல."

சிரிக்கவும் திட்டவும் தெம்பு வேண்டும். சுவரில் தொங்கிய பழைய காலண்டர் தாளின் முதுகில் "வெள்ளி. ஆறு நிமிஷம். உரிந்தது" என்று எழுதினாள். அதற்கு மேலே திங்கள், செவ்வாய், வியாழன் எல்லாம் அதே சொல். புதன் மட்டும் "கிட்டத்தட்ட" என்று இருந்தது. புதன்கிழமை கண்ணாடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டதால் ஒரே ஒரு கோட்டின் நுனி மழுங்கிவிட்டது. அடுத்தது இதைவிட நன்றாக வரும் என்று நம்பி, ப்ளீச்சிங் பவுடர் போட்டு அதையும் அழித்துவிட்டாள். நினைக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே ஓர் அடி அடிக்க வேண்டும் போல இருந்தது.

மை கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கிரீனைப் பார்க்காமலே நோய் சொல்லி, மருந்தும் விற்றுவிடுவார்.

"சொல்லும்மா. இன்னுமா சரியாகல?"

"ஓரம் உரியுது டாக்டர்."

"வெயில் பத்தல. நேரத்தைக் கூட்டு."

"கூட்டிட்டேன். மூணு, நாலு, ஆறு வரைக்கும் போயிட்டேன். ஆறு வெச்சா கோடு தொறக்கவே மாட்டேங்குது, ஓரம் மட்டும் உரியுது."

"அடைக்கவும் செய்யுது, உரியவும் செய்யுதா? ரெண்டும் ஒண்ணா வரக் கூடாதேம்மா. பேதியும் மலச்சிக்கலும் ஒரே ஆளுக்கு வந்த மாதிரி இருக்கு."

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"எமல்ஷன் காயுதா?"

"விடியக்காலையில பூசிடறேன். பத்து மணி வரைக்கும் இருட்டுலதான் இருக்கு."

"அவ்வளவு நேரமா? கல்லு மாதிரி காய்ஞ்சிருக்குமே. அப்ப எமல்ஷன் பழசு. புது டப்பா வாங்கிக்க."

"வாங்கி மூணு நாள் ஆச்சு. உங்ககிட்டதான் வாங்கினேன்."

டாக்டர் சற்று நேரம் இருமினார். "தண்ணியை மாத்திப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருட்டு என்று அவள் சொன்னது பாத்ரூமை. இரண்டு அறை வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். அதை இருட்டறையாக்கிக் கொடுத்ததே மாமனார்தான். மருமகள் தொழில் தொடங்குகிறாள் என்றதும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பழைய பெட்டியிலிருந்து பாய்லர் கதவுக்கு வைக்கிற தடித்த கயிற்றை எடுத்தார். கதவுச் சட்டத்தைச் சுற்றி அடித்தார். மேலே இருந்த காற்றுப் போக்கியில் சுருட்டித் திணித்தார். கதவின் அடி இடுக்கில் கோணியை மடித்து வைத்தார். உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லி, அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து அறிவித்தார்.

"என் கையே எனக்குத் தெரியலம்மா. ஒரு பொட்டு வெளிச்சம் நுழைஞ்சா என் பேரை மாத்திக்கறேன்."

குண்டு பல்பைக் கழற்றி மங்கலான மஞ்சள் பல்பு ஒன்றை மாட்டினார்கள். எமல்ஷனுக்கு மஞ்சள் வெளிச்சம் ஒன்றும் செய்யாது. உள்ளே சட்டம் காயும்போது அவர் அந்த மஞ்சளில்தான் குளித்தார். தலைக்கு மேலே பரண்பலகையில் சட்டம், கீழே அவர். கதவை யாராவது தட்டினால் "சட்டம் இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். ஏதோ தொட்டிலில் குழந்தை தூங்குகிற மாதிரி.

சனிக்கிழமை விடியலில் ஆறாவது தடவை பூசி வைத்தாள். ஏழு மணிக்குப் பாய்லர்காரர் போனார். ஏழரைக்குச் சிவந்த பழம் போல வெளியே வந்து, கதவை உடனே சாத்தி, கோணியை இடுக்கில் சரியாகத் தள்ளிவிட்டு, "உன் சட்டம் பத்திரமா இருக்கு" என்றார்.

அன்றைக்கு ஏனோ அவளுக்குப் பத்து மணி வரை பொறுக்கவில்லை. மஞ்சள் பல்பைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். எதிரே எதுவும் தெரியவில்லை. மேகத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சுவரெல்லாம் வியர்த்து ஒழுகியது. கையை நீட்டிப் பலகையைத் தடவி, சட்டத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். விரல் ஒட்டியது. பல்பை ஒட்டித் தூக்கிப் பார்த்தாள். பூசிய பரப்பின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர், இடம் பிடித்து வைத்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தது.

அப்படியே வாளியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை. புதன்கிழமை காலையில் மாமாவுக்கு ரத்தப் பரிசோதனை. குளிக்காமல் வெறும் வயிற்றோடு ஏழு மணிக்குக் கிளம்பிப் போய், மத்தியானம் வந்துதான் குளித்தார்.

தையற்காரரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"ரெண்டு நாள் குளிக்காதீங்கன்னு சொல்லிடு."

"நீங்க சொல்லுங்க. உங்க அப்பாதானே."

"கண்டுபிடிச்சது நீதானே. அம்மா அம்மான்னு உன்னைத்தான் தாங்கறாரு."

"அதனாலதான் வாய் வரல. அந்தக் கயித்தை அவரே அடிச்சிருக்காரு. போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. குளிக்கலேன்னா அந்தக் காலு என்ன பாடு படும், உங்களுக்குத் தெரியாதா?"

"உன் காலு?"

அவள் புடவையை இழுத்துக் கெண்டைக்காலை மூடிக்கொண்டாள்.

மாமாவைத் தொடாமல் ஒரு வழி பார்த்தார்கள். பீரோவுக்குள் வைக்கலாம் என்றால் சட்டம் நான்கு விரல் நீளம் அதிகம். சட்டத்தைக் கழுவி மறுபடி பூசி, கட்டிலுக்கு அடியில் போர்வைகளைத் தொங்கவிட்டு வைத்தார்கள். சட்டம் காய்ந்தது. எடுத்துப் பார்த்தால் எமல்ஷனில் பஞ்சும் நூலும் தூசும், யாரோ போன வருஷம் சீவிப் போட்ட தலைமுடியும் ஒட்டி, ரொட்டி வருவதற்கு முன்பே அதற்குத் தாடி முளைத்திருந்தது. தையற்காரர் வீட்டுக் கட்டிலுக்கடியில் வேறென்ன இருக்கும்.

மணி மூன்று. அவள் இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாய்லர்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"முகமே சரியில்லையேம்மா. இன்னிக்கும் உரிஞ்சிடுச்சா?"

"இன்னிக்கும் வரல மாமா."

"அந்த டாக்டர் பய கலப்பட மருந்து கொடுக்கறான். நான் வந்து ரெண்டு வார்த்தை கேக்கறேன்."

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பாய்லர்ல இருந்து ஆவி கசிஞ்சா எங்க போகும்?"

இப்படி ஒரு கேள்விக்காக அவர் ஐந்து வருஷமாகக் காத்திருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"கசிஞ்சாவா? என் பாய்லர்ல கசியாது. முப்பத்தொரு வருஷத்துல ஒரு நூல் அளவு கசிஞ்சதில்ல. மேனேஜர் காகிதத்தைப் பிடிச்சுக் காட்டுவாரு, காகிதம் ஆடாது."

"உங்களது கசியாது. வேற யாராவது ஆளோடது."

"ஆவிக்கு ஒரு குணம் இருக்கும்மா. அதுக்கு ஓட வழி வேணும். வழி இருந்தா ஓடிடும், யாருக்கும் தொந்தரவு இல்ல. வழிய அடைச்சிட்டேன்னு வையி, உள்ளயே சுத்திச் சுத்தி வரும். எது சில்லுன்னு இருக்குதோ அதுமேல போய் உக்காந்துக்கும். உக்காந்தா தண்ணி. இரும்புல உக்காந்தா துரு. துணியில உக்காந்தா ஈரம். பலகையில..."

நிறுத்தினார்.

அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அது திரும்பி வருகிற அளவுக்கு நேரம் ஆயிற்று.

"சட்டம் சில்லுன்னு இருக்குமா?"

"இருக்கும் மாமா."

"ஒட்டுச்சா?"

"விரல் ஒட்டுச்சு."

"புதன்கிழமை?"

"கிட்டத்தட்ட வந்துச்சு."

அவர் எண்ணிப் பார்த்தார். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, இன்றைக்கு. ஐந்து விரலையும் மடக்கி, மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை எப்ப கண்டுபிடிச்ச?"

"காலையில."

"காலையிலயா? இப்ப மணி மூணு. ஒரு நாள் வேலையை விட்டுட்டு டீ போட்டுட்டு வந்து ஆவியப் பத்திக் கதை கேக்கற. ஏம்மா, நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"உங்களுக்குக் கால் வலிக்கும்."

"வலிக்கும். வலி எனக்குப் புதுசா?"

கையை ஊன்றி எழுந்து நேராகப் பாத்ரூமுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கயிறு பிய்கிற சத்தம் கேட்டது. காற்றுப் போக்கியில் திணித்திருந்ததை உருவி எறிந்தார். உள்ளே சுவர் நன்றாகக் காயட்டும் என்று கதவைத் திறந்து விட்டு, மேசை விசிறியைக் கொண்டுபோய் வைத்தார். அன்று சாயங்காலம் ஆறு மணி வந்தது, போயிற்று. அவர் வாசலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே தெருவுக்குச் சொன்னார்: "இன்னிக்குக் குளிக்க மனசில்ல."

கண்ணாடிக்காரர்கள் துடைக்காமலே போனார்கள்.

ஞாயிறு விடியலில் கதவுக்குக் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, காற்றுப் போக்கிக்கும் ஒரு துணி கட்டி, புதிதாகப் பூசிய சட்டத்தை வைத்தாள். பத்து மணிக்கு எடுத்தாள். நகத்தால் சுரண்டினாள். கீறல் விழவில்லை. நான்கு நிமிஷம் வெயில். தொட்டியடியில் தண்ணீரை ஊற்றும்போது மூவரும் மூச்சு விடவில்லை. பாய்லர்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மரக்கால் மாதிரி நின்றார். ரொட்டி திறந்தது. அப்புறம் ஒரு கோடு. அப்புறம் இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது.

"மூணும் தனித்தனியா நிக்குது" என்றார் தையற்காரர்.

பாய்லர்காரர் குனிய முடியாமல் குனிந்து பார்த்தார்.

"நிக்குது. ஆனா ஆவி இப்படி நேரா மூணு கோடா எழும்பாது. இதை வரைஞ்சவன் ஆவியப் பார்த்ததே இல்ல."

சந்தோஷப்பட யாருக்கும் நேரமில்லை. மேசையில் ஏப்ரனை விரித்துத் தையற்காரர் நீவிவிடுவார். அவள் சட்டத்தை இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையை இரண்டு கையாலும் அழுத்தித் தன் பக்கம் இழுப்பாள். தூக்குவாள். அவர் உருவிக் கொடியில் போடுவார். அடுத்தது. இருபதில் தோள் பேச ஆரம்பித்தது. முப்பதில் திட்ட ஆரம்பித்தது. முப்பத்தெட்டில் இரண்டாவது கோடு மங்கியது. வெக்கையில் மை வலைக்கண்ணிலேயே காய்ந்துவிட்டது. ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, பழைய துணியில் இரண்டு தரம் இழுத்துக் கண் திறந்த பிறகு தொடர்ந்தாள். நடுவில் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றார்கள். அவள் கையில் மை இருந்ததால் தையற்காரர் ஊட்டிவிட்டார். ஊட்டிய விரலைக் கடித்துவிட்டாள். களைப்பில் கடித்தாளா, மொட்டைத்தலை என்று சொன்னதற்காகக் கடித்தாளா என்பது கடைசி வரை தெளிவாகவில்லை.

சூடு காட்டினால்தான் மை துணியில் பிடிக்கும். அந்த வேலையைப் பாய்லர்காரர் பிடுங்கிக்கொண்டார். கால் இரண்டும் கட்டைபோல நீட்டியபடி இருக்க, மடிப்பலகை போட்டு, அறுபதுக்கும் இஸ்திரி போட்டார். மகன் தண்ணீர் தெளிக்கக் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது முறைத்தார்.

"எடுத்துட்டுப் போ. இன்னிக்கு இந்த வீட்டுல ஆவி கிடையாது."

ஐந்தரைக்குப் பேக்கரிக்காரர் வந்தார். மேலே இருந்த ஒன்றை மட்டும் விரித்துப் பார்த்தார், மடித்தார். "ரொட்டி நல்லா வந்திருக்கு" என்றார். வாசற்படியில் இறங்கியபிறகு திரும்பி, "மத்த நாலு கடைக்கும் போட்டுடுங்க. வியாழக்கிழமை போதும்" என்றார். இரண்டு வாரத்து உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. அவள் எழுந்தபோது காலுக்குக் கீழே செருப்பு இருந்தது. எட்டு வருஷப் பழக்கம். கண் விழிக்கும் முன்னாலேயே கால் தேடிப் போட்டுக்கொண்டது. ஆறேமுக்கால் சங்கு ஊதியது. எதிர்வீட்டுப் பெண் டிபன் பாக்ஸோடு ஓடினாள். மருமகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குதிக்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தாள். தோள் இரண்டும் வேறு யாரோ மாட்டிவிட்டுப் போனவை போல இருந்தன. குதிப்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டாள்.

பெரிய பானையில் தண்ணீர் வைத்தாள். அது தளதளவென்று கொதிக்கும்போது உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"சட்டம் உள்ள இருக்காம்மா?"

"இல்ல மாமா. இன்னிக்குச் சட்டத்துக்கு லீவு. வாங்க."

"வியாழக்கிழமைக்குள்ள வேணும்னு சொன்னானே."

"நாளைக்குப் பூசறேன். உங்க குளியல் சாயங்காலம் மட்டும்."

"காலையில?"

"காலையில சட்டம்."

அவர் கதவைப் பிடித்து நின்று யோசித்தார்.

"சரி. அப்ப சாயங்காலம் ஒரு மணி நேரம்" என்றார். பேரம் முடிந்தது.

மகன் தோளில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாகப் போய்ச் சேர்ந்தார். கதவு சாத்திக்கொண்டது. முதல் செம்பு விழுந்ததும் உள்ளேயிருந்து வந்த பெருமூச்சு ஆலைச் சங்கைவிடச் சத்தமாக இருந்தது. வேறேதாவது வேண்டுமென்று கூப்பிடுவார் என்று அவள் வெளியே தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினாள். கயிறும் கோணியும் இல்லாத அடி இடுக்கு வழியாக வெதுவெதுப்பாக ஆவி வந்தது. இடுப்பைத் தொட்டு, தொடையைத் தாண்டி, நீல நரம்பு ஓடிய கெண்டைக்காலைப் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. எப்போது கண் சொருகியது என்று தெரியாது.

முதுகில் லேசாக ஒரு தள்ளல். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. மறுபடி ஒரு தள்ளல். அப்புறம் தள்ளல் நின்றது.

எங்கோ தூரத்தில் தையற்காரரின் காலடி வந்தது.

"அப்பா, முடிஞ்சுதா? இருங்க, இவ குறுக்க தூங்கறா. எழுப்பறேன்."

"டேய், எழுப்பாத." கதவுக்குப் பின்னால், அவள் தலைக்கு மேலே, அந்தக் குரல் கிசுகிசுத்தது. பாய்லர்காரர் கிசுகிசுத்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"குளிருமேப்பா."

"துண்டு கட்டிருக்கேன். பானையில இன்னும் ரெண்டு செம்பு இருக்கு. நீ போ."

உள்ளே செம்பு தண்ணீரைத் தொடுகிற சத்தம், மிகவும் மெதுவாகக் கேட்டது.

மருமகள் விழித்துக்கொண்டாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை. இரண்டு செம்பு தண்ணீருக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நிமிஷங்களை எடுத்துக்கொண்டாள்.